வாத்தியம் இல்லாத பாடகர் குழு



தோட்டக் கோவில்களில் பாடகர் குழுவை நடத்திவரும் உபதேசியார்களும் ஆசிரியைகளும் அடிக்கடி கூறும் முறைப்பாடு ஒன்று உண்டு. "சுவாமி, எங்களிடம் நல்ல ஆர்மோனியம் இல்லை. இருந்ததும் பழுதாகிவிட்டது. வாசிக்கத் தெரிந்த தம்பியும் கொழும்புக்குப் போய்விட்டான். இனிக் குழு எப்படி வளரும்?" என்பார்கள்.

கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கான விடை வாத்தியக் கடையில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரல்களை மாத்திரமே நம்பிப் பாடும் குழு எப்படி உருவாகிறது, எப்படி வளர்கிறது, நமது மலைநாட்டுக்கு அது ஏன் மிகவும் பொருத்தமானது என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

வாத்தியத் துணையின்றிப் பாடும் முறையை மேல்நாட்டார் 'அ கப்பெல்லா' என்பர். கப்பெல்லா என்ற இத்தாலியச் சொல்லுக்குச் சிற்றாலயம் என்று பொருள். சிற்றாலயத்தில் பாடுகிற முறைப்படி என்று இதை விரித்துக்கொள்ளலாம். பெயரிலேயே வரலாறு இருக்கிறது. பாப்பரசரின் சிஸ்தீன் சிற்றாலயப் பாடகர் குழு நூற்றாண்டுக் கணக்கில் ஓர்கன் துணையில்லாமலே பாடி வந்தது. 1594இல் மறைந்த பலஸ்திரீனா இயற்றிய பலகுரற் பாடல்களை உலகின் சிறந்த குழுக்கள் இன்றும் வெறுங்குரலிலேயே பாடுகின்றன. கிரேக்க, ரஷ்யக் கீழைத் திருச்சபைகளின் வழிபாட்டில் பெரும்பாலும் வாத்தியமே கிடையாது. ஆகவே ஆர்மோனியம் இல்லாத கோவில் குறைபட்ட கோவில் என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

உரோமையும் ரஷ்யாவும் நமக்குத் தூரம் என்பீர்கள். சரி, தலவாக்கலையைத் தாண்டிய அடுத்த புகையிரத நிலையத்தில் இறங்குவோம். வட்டகொடை. இதன் அயலிலுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் ஸி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும், தேயிலைத் தோட்ட வாழ்க்கையை ஆங்கிலக் கவிதையில் உலகுக்குச் சொன்ன கவிஞராகவும் அவரைப் பலர் அறிவர். 1984இல் மறைந்த அப்பெரியார் செய்த இன்னொரு தொண்டு, என் கணிப்பில் இவற்றுக்குச் சற்றும் குறைந்ததல்ல. தோட்டத்து மக்கள் வாயில் வாழ்ந்த பாடல்களை அவர் கேட்டுத் திரட்டி நூலாக்கினார்.

தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தெம்மாங்கு, வேலைத்தலத்துப் பாட்டு என்று இப்பாடல்கள் பலவகைப்படும். இவற்றில் வாத்தியம் கேட்கும் பாடல்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கூடை முதுகில் தொங்குகிறது. இரண்டு கைகளும் செடியின்மேல் ஓடுகின்றன. கொழுந்து பறிப்பவளுக்கு வாசிக்கக் கை ஏது? தோட்டத்தில் தப்பு இருந்தது, உண்மைதான். விடியற்காலையில் பிரட்டுக்கு எழுப்பியதும் தப்பு. காமன் கூத்துக்கும் மரண வீட்டுக்கும் தப்பு. ஆனால் நம் தாய்மாரின் பாட்டு அவர்களின் தொண்டையை மாத்திரமே நம்பியிருந்தது. இந்தியாவிலிருந்து வந்த முன்னோர், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து மலையேறினர். அந்தப் பயணத்தில் சுமையாகாத பொருள் பாட்டு ஒன்றுதான்.

ஒப்பாரியைச் சற்றுக் கூர்ந்து கவனியுங்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்கிறாள். சுற்றியிருப்போர் தோளில் கைபோட்டு இறுதியடியில் சேர்ந்துகொள்கிறார்கள். யார் எப்போது சேர வேண்டும் என்று யாரும் கைகாட்டுவதில்லை. மூச்சு தளரும்போது அடுத்தவள் ஏந்திக்கொள்கிறாள். ஒருவரையொருவர் கேட்டுப் பாடுதல் என்று சங்கீத ஆசிரியர்கள் பாடுபட்டுக் கற்பிக்கும் வித்தை இதுதான். லயத்துச் சுவர்களும் இதற்கு ஒரு பள்ளிக்கூடம் எனலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் முதுகோடு முதுகாய் ஒட்டி நின்ற இடத்தில், ஒரு வீட்டுத் தாலாட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையையும் சேர்த்தே உறங்கவைத்தது. அந்த நெருக்கடியை நான் புகழவில்லை. மனிதருக்கு ஏற்ற வீடு அதுவல்ல. அந்த நெருக்கடியிலும் நம்மவர் காது கூர்மையடைந்தது என்றே சொல்கிறேன்.

பாட்டு மக்களைத் திரட்டும் என்பதற்கும் அயலில் சான்று உண்டு. 1930களிலும் 1940களிலும் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டத்துக் கூட்டங்களில் எழுந்து பாடுவார். எழுத்தறியாத மக்களுக்குத் துண்டுப்பிரசுரம் சொல்ல முடியாததை அவரது பாட்டு சொல்லிற்று.

இனி, மனத்துக்கு வருத்தம் தரும் பகுதிக்கு வருகிறேன். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி ஒப்பமான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. கணக்கில் இவை இலக்கங்கள். லயத்தில் இவை அண்ணனும் தங்கையும். தலைமன்னாரில் கப்பலேறியவர்களோடு பாட்டெடுத்துக் கொடுத்த குரல்களும் போயின. 1977இலும் 1983இலும் வன்செயலுக்குப் பயந்து இடம்பெயர்ந்தோர் பலர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமைப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. ஆயினும் பிரிவு தீரவில்லை. இளைஞர் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். தாய்மார் மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போகிறார்கள்.

ஆகவே நம் கோவில்களில் பாடகர் குழு என்பது, ஆண்டுதோறும் யாராவது ஒருவர் விடைபெற்றுப் போகும் குழுவாகவே இருந்து வந்திருக்கிறது. பாட்டு முழுவதும் ஒரு வாத்தியத்தையும் அதை வாசிக்கும் ஒருவரையும் நம்பியிருந்தால், அவர் பெட்டியைத் தூக்கும் நாளில் பாட்டும் அவரோடு புகையிரதம் ஏறிவிடுகிறது. முப்பது தொண்டைகளில் தங்கியிருக்கும் பாட்டுக்கு அந்த ஆபத்து இல்லை. ஐவர் போனாலும் இருபத்தைந்து பேர் பாடுவார்கள். வந்து சேரும் சிறுவனும் அவர்கள் நடுவில் நின்றே கற்றுக்கொள்வான். வாத்தியமில்லாப் பாடலை நான் வற்புறுத்துவதற்கு முதற் காரணம் அழகு அல்ல, இதுதான்.

திருச்சபை இதைப்பற்றி என்ன சொல்லுகிறது? 1903ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி, பாடகரின் பாதுகாவலியான அர்ச். செசீலியம்மாளின் திருநாளன்று, பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட கட்டளை மடல் பியானோவை ஆலயத்திலிருந்து விலக்கியது. மக்கள் மீண்டும் வழிபாட்டுப் பாடலில் பங்குகொள்ள வேண்டும் என்றும் விரும்பியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசெம்பர் 4ஆம் திகதி வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், மறைபரப்பு நாடுகளின் மக்களுக்குத் தமக்கென உரிய இசைமரபு உண்டென்றும், அதற்குத் தக்க மதிப்பும் இடமும் கொடுக்க வேண்டுமென்றும் கூறுகிறது. 1967 மார்ச் 5ஆம் திகதி வெளியான திருவிசை பற்றிய அறிவுரை, பாடகர் குழு மக்களின் பாடலை விழுங்கிவிடலாகாது என்று எச்சரிக்கிறது. இவற்றைச் சேர்த்து வாசித்தால், குழு பாடும்போது மக்கள் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருப்பது நோக்கமல்ல என்பது தெளிவாகும்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க முடியவில்லை. இப்போது பல ஆலயங்களில் மின் இசைப்பலகை வந்திருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் தாளம் தானாகக் கொட்டுகிறது. பெரிய ஒலிபெருக்கி வேறு. வாசிப்பவர் நல்லவர்; நோக்கமும் நல்லது. ஆயினும் மூன்றாம் வாங்கில் இருக்கும் பாட்டிக்குத் தன் குரலே தனக்குக் கேட்பதில்லை. தன் குரல் கேட்காத மனிதர் விரைவில் வாயை மூடிக்கொள்வார். வாத்தியம் பாட்டைத் தாங்கலாம், மூடக்கூடாது.

ஏழைத் தொழிலாளர் வாத்தியமின்றி எவ்வளவு தூரம் வளரலாம் என்பதற்குத் தென்னாபிரிக்கா ஒரு பாடம். அங்குள்ள நேட்டாலுக்கு 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'துரூரோ' கப்பல் நம்மவரைக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கொண்டுபோய் இறக்கிற்று. கப்பல் கரைசேர்ந்த அந்த டேர்பன் நகரத்திலேயே, ஊரைவிட்டு வந்த சூலு இனத் தொழிலாளர் பிற்காலத்தில் விடுதிகளில் தங்கி வேலைசெய்தனர். சனிக்கிழமை இரவுகளில் அவர்கள் கூடிப் பாடினார்கள். கையில் வாத்தியம் இல்லை. காலைத் தட்டி ஆடினால் விடுதிக் காவலருக்குப் பிடிக்காது. ஆகையால் நுனிக்காலில் மெல்ல அடியெடுத்து ஆடியபடியே பல குரலில் பாடும் ஒரு கலை உருவாயிற்று. 'இசிக்கத்தமியா' என்று அதற்குப் பெயர்.

இக்கலையில் வந்தவர் யோசேப்பு ஷபலாலா. பண்ணையில் பிறந்து, டேர்பனில் தொழிற்சாலை வேலை பார்த்தவர். 1960களில் தம் சகோதரரையும் உறவினரையும் சேர்த்து 'லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ' என்ற குழுவை அமைத்தார். லேடிஸ்மித் அவருடைய ஊர். மம்பாஸோ என்றால் கோடரி. 1964இல் தம் கனவில் கேட்ட குரற்சேர்க்கையைக் குழுவுக்குக் கற்பிக்க அவர் மிகவும் பாடுபட்டாராம். 1973இல் அவர்களது முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1986இல் அமெரிக்கப் பாடகர் போல் சைமனுடன் பாடியபின் உலகமே அவர்களை அறிந்தது. 1988இல் கிராமி விருதும் கிடைத்தது. 2020இல் ஷபலாலா காலமானார். குழு நிற்கவில்லை, அவருடைய புதல்வர்கள் அதில் பாடிவருகிறார்கள். நான் முன்பு சொன்ன முப்பது தொண்டைக் கணக்கு இங்கே மெய்யாகிறது.

தமிழில் இப்படி நடந்ததுண்டா என்று கேட்பீர்கள். சென்னையில் எம். பி. சீனிவாசன் என்ற இசையமைப்பாளர் 1970களின் தொடக்கத்தில் இளைஞர் பாடகர் குழு ஒன்றை உருவாக்கினார். 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர் அவரே. அக்குழுவில் வாத்தியம் ஓரளவு உண்டு. ஆனால் பாடலின் கட்டடம் குரல்களினால் எழுப்பப்பட்டது. தமிழ்ப் பாடலுக்குப் பலகுரல் அமைப்பு பொருந்தாது, இராகம் கெட்டுவிடும் என்று பண்டிதர்கள் சொல்லிவந்த காலத்தில், பாரதியின் பாடல்களை அவர் பலகுரலில் அமைத்துக் காட்டினார். 1988 மார்ச்சில் இலட்சத்தீவில் அவர் திடீரென இறந்தார். அக்குழுவும் தலைவரோடு முடிந்துவிடவில்லை.

நடைமுறைக்கு வருவோம். குழுவை வட்டமாக நிறுத்துங்கள். வரிசையாக நின்றால் முன்னால் இருப்பவரின் பிடரிதான் தெரியும். வட்டத்தில் முகமும் வாயும் மூச்சும் தெரியும். முதல் மாதம் பலகுரல் வேண்டாம். எல்லோரும் ஒரே சுரத்தை வாய்மூடி முனகட்டும். பக்கத்தவர் குரல் தன் குரலோடு கரைந்து, இரண்டும் ஒன்றாகக் கேட்கும் நிமிடம் வரும்வரை பொறுத்திருங்கள். அதை ஒருமுறை அனுபவித்தவர் மறக்கமாட்டார். பிறகு பாதிப்பேர் 'ஸ'வைப் பிடித்து நிற்க, மற்றவர் அதன்மேல் தெரிந்த பாட்டொன்றைப் பாடட்டும். தம்பூரா செய்யும் வேலையை மனிதர் செய்கிறார்கள். அடுத்து, ஒரு கூட்டம் ஓரடி தொடங்கியபின் மறு கூட்டம் அதே பாட்டை முதலிலிருந்து தொடங்கித் துரத்திப் பாடும் முறை. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. ஆனால் தன் குரலை இழக்காமல் பிறர் குரலைக் கேட்கும் பயிற்சி இதில் அடங்கிவிடுகிறது. இவ்வளவும் கைவந்தபின் இரண்டாம் குரலைச் சேர்க்கலாம். நான்கு குரலுக்கு ஓராண்டு சென்றாலும் பாதகமில்லை.

சுரம் படிக்கத் தெரியாதே என்று கலங்காதீர்கள். பதினோராம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி குய்தோ, ஸ்நாபக அருளப்பரின் கீதமொன்றின் அடிகளிலிருந்து உத், ரே, மி என்ற சுரப்பெயர்களை அமைத்தார். (நம் கண்டி மறைமாவட்டத்தில் நெடுங்காலம் உழைத்த சில்வெஸ்திரின் துறவிகளும் அதே ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றுவோரே.) 1840களில் இங்கிலாந்தில் ஜோன் கேர்வன், சாரா குளோவர் என்ற ஆசிரியையின் முறையைத் திருத்தி, சுரங்களை வெறும் எழுத்துகளாக எழுதிக் கற்பித்தார். அதைக் கொண்டு வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் பெரும் பாடகர் கூட்டங்களாக வளர்ந்தனர். 1872இலும் 1873இலும் இலண்டன் பளிங்கு மாளிகைப் போட்டியில் வென்ற வேல்ஸ் குழுவை நடத்தியவர் ஒரு கொல்லர். அவர்கள் பெரும் முயற்சியோடு கற்ற தத்துவம் நமக்குப் பிறப்பிலேயே தெரியும். பாடுபவரின் குரலுக்கு ஏற்ப 'ஸ' இடம்மாறலாம் என்பதுதான் அது. ஆகவே ஸ ரி க ம என்று கரும்பலகையில் எழுதுங்கள், போதும்.

வாத்தியமின்றிப் பாடும்போது சுருதி மெல்ல இறங்கும். இதுதான் பெரிய தொல்லை. மூச்சுக் குறைவதும், கூனி நிற்பதும், இறங்குமுகமான சுரங்களில் அளவுக்கு மிஞ்சி இறங்கிவிடுவதும் காரணம். நிமிர்ந்து நின்று, நீண்ட அடியில் எல்லோரும் ஒன்றாக மூச்சுவிடாமல் மாறி மாறி விட்டால் பெரும்பாலும் சரியாகும். தொடக்கச் சுருதிக்கு ஓர் இசைக்கவை போதும். விநாடிக்கு 440 அதிர்வு கொடுக்கும் சிறு இரும்புத் துண்டு அது. ஆர்மோனியத்தோடு மாத்திரம் பழகிய காதுக்கு முதலில் சற்றுச் சிரமம் இருக்கும். ஆர்மோனியத்தின் அந்தர காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிடச் சற்று உயர்ந்தது. வெறுங்குரல்கள் தாமாகவே இயற்கை இடத்தைத் தேடிப் போகும். கமகத்துக்கு இசையாது என்பது போன்ற காரணங்களால் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கியே வைத்திருந்தது என்பதையும் நினைவூட்டுகிறேன்.

பையன்களைப்பற்றி ஒரு சொல். பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும்போது, "நீ கொஞ்ச நாள் பாடாதே" என்று அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பப்பட்டவன் திரும்புவதில்லை. நாளை உங்களுக்குத் தேவையான கனத்த ஆண்குரல் அதுதான். அவனுக்கு ஒத்துவரும் மூன்று நான்கு சுரங்களில் 'ஸ'வைப் பிடித்து நிற்கும் வேலையைக் கொடுங்கள். தாய்மாருக்கோ நாள் முழுதும் மலையில் வேலை. வீடு வந்தால் அடுப்படி. மாலை ஆறு மணிப் பயிற்சிக்கு வரவில்லையென்று அவர்களைக் குறைசொல்வது தகாது. ஞாயிறு பூசை முடிந்த கையோடு அரைமணி நேரம் போதும். அந்த நேரம் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது ஆண்களின் பங்கு.

எப்போது தொடங்குவது? தவக்காலத்தைவிடச் சிறந்த காலம் இல்லை. அக்காலத்தில் பாட்டுக்குத் துணையாக மாத்திரமே வாத்தியம் வாசிக்கலாம் என்பது திருவழிபாட்டு ஒழுங்கு. பெரிய வியாழன் 'உன்னதங்களிலே' கீதம் முதல் பாஸ்காத் திருவிழிப்பில் அது மீண்டும் ஒலிக்கும்வரையும் அப்படியே, மணியும் மௌனமாகும். வெள்ளிதோறும் நடக்கும் சிலுவைப் பாதையில், லயத்து வழியே பதினான்கு தலங்களுக்கும் ஆர்மோனியத்தை யார் சுமப்பது? நம் முன்னோர் பாடிய பாடுகளின் பாடல்களும் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் ஏந்திப் பாடும் வகையினவே. விபூதிப் புதனுக்கு அடுத்த வெள்ளியிலிருந்து பெரிய வெள்ளிக்கு முந்திய வெள்ளிவரை ஆறு வெள்ளிகள் உண்டு. ஒவ்வொரு வெள்ளியும் சுருதி எடுத்துக் கொடுப்பவர் வேறொருவராக இருக்கட்டும். ஒரு வெள்ளி ஒரு பாட்டி, ஒரு வெள்ளி ஒரு பள்ளிப் பிள்ளை. பெரிய வெள்ளி வருமுன் உங்கள் கோவிலில் பாட்டெடுக்கத் தெரிந்தவர் ஆறு பேர் இருப்பார்கள்.